டேனிஷ் நாய்க்கு ஒரு பெயர்

தரங்கம்பாடிப் பண்ணையார் ரத்தினசாமி விருந்தினரிடம் பெருமையடித்தார். "டேனிஷ் துரை கப்பலேறும்போது எனக்குப் பரிசாக் கொடுத்த நாய்!"

நாயோ எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை. பண்ணையார் வேலைக்காரி வேம்புவை அதட்டினார். "அதன் நாட்டுப் பேரா ஒண்ணு வை. நாய் அசையலேன்னா உன் வேலை போச்சு."

"எனக்குத் தெரிஞ்ச டேனிஷ் பேரு ஒண்ணுதாங்கய்யா. நீல்ஸ்."

பண்ணையார் வெளிறிப்போனார். அது துரையின் பெயர்.

"நல்லாத்தான் இருக்கு, கூப்பிடுங்க!" என்றார்கள் விருந்தினர்கள்.

"நீல்ஸ்..." என்று முணுமுணுத்தார் பண்ணையார்.

நாய் அவரைத் திரும்பிப் பார்க்காமல் போய், புதிதாக மண் கொட்டி மூடிய கிணற்றின்மேல் படுத்தது. தரையில் காதை வைத்துக் கேட்டது. பிறகு யாருக்கோ பதில் சொல்வதுபோல் மெல்ல வாலாட்டியது.

விருந்தினர்கள் மண்வெட்டி கேட்பதற்குள் வேம்பு கொண்டுவந்திருந்தாள்.