குடலுக்கு வால் முளைச்ச கதை

அந்தக் காலத்துல ஒடம்புக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பேச்சு வரும். முழங்காலுக்குக்கூட வாய் இருந்துச்சு. ஓயாம புலம்புதுன்னு அதை அடைச்சுட்டாங்க. அந்தக் கடுப்புலதான் இப்பவும் கடக்குமுடக்குன்னு சத்தம் போடுது. அது கெடக்கட்டும், நான் சொல்ல வந்தது குடலைப் பத்தி.

உப்பளத்துல வேலை பார்த்த செண்பகவடிவு, தாகம் தாங்காம குட்டைத் தண்ணியைக் குடிச்சுட்டா. அதுல வந்த கெட்ட கிருமிங்க வயித்தைக் கலக்கிருச்சு. அஞ்சு நாளா பேதி. எந்திரிக்க முடியல. வைத்தியர் வந்தாரு. அவரு மீசைக்கே தனியா ஒரு கதை இருக்கு, இப்ப வேண்டாம். நெருப்பு மாதிரி ஒரு மருந்தைக் குடுத்துட்டுப் போனாரு.

மருந்து உள்ள எறங்குனதும், "கிருமின்னு பேரு உள்ள எல்லாரும் சாகணும்"னுச்சு.

குடல்ல குடியிருந்த பொடிச்சிங்கிற கிருமி முன்னால வந்து நின்னா. "யோவ், கலக்குனது நேத்து வந்தவங்க. நான் இவ பொறந்த அன்னைக்கே இவ அம்மாகிட்டருந்து வந்தவ. இவ தின்ன சோத்தைக் கரைச்சுக் குடுக்கிறதே நாங்கதான். நான் எதுக்குச் சாகணும்?"

"ஆள் பார்த்துக் கொல்ல எனக்குக் கண்ணு வைக்கலையே."

"கண்ணு இல்லாதவன் கத்தியை ஏன்யா தூக்குற?"

மருந்து அது பாட்டுக்கு எரிக்க ஆரம்பிச்சுது. கெட்ட கிருமிங்க செத்துச்சு. கூடவே பொடிச்சியோட சாதிசனமும் கொத்துக்கொத்தா விழுந்துச்சு.

குடல் பார்த்துச்சு. இவங்க மொத்தமா போயிட்டா செண்பகவடிவு குடிக்கிற கஞ்சி ஒடம்புல ஒட்டாது, அவ பொழைக்க மாட்டா. சட்டுன்னு தன் ஓரத்தை விரலளவு வெளிய இழுத்து ஒரு முட்டுச்சந்து பண்ணுச்சு. "பொடிச்சி, மிச்சமிருக்கிறவங்களையும் கூட்டிட்டு உள்ள வாடி."

மருந்து சந்து வாசல்ல நின்னு மெரட்டுச்சு. "வைத்தியர் பேச்சையே மீறுறியா? இதுக்கு ஒரே வாசல். அடைச்சுக்கிச்சுன்னா வீங்கி நீதான் துடிப்ப."

"துடிச்சுக்கிறேன். அவளைத் தர மாட்டேன்."

மறுநாள் மருந்து ஓஞ்சு வெளியேறுச்சு. பொடிச்சி மிச்சமிருந்த நாலு பேரோட, வெறிச்சோடிக் கெடந்த குடலுக்குள்ள எறங்கித் திரும்பக் குடும்பம் பெருக்குனா. மூணாம் நாள் செண்பகவடிவு எந்திரிச்சு உக்காந்து, "கஞ்சி இருக்கா? தொட்டுக்க என்ன?"ன்னு கேட்டா.

அன்னையிலிருந்துதான் குடலோரத்துல அந்தச் சந்து வாலாத் தொங்குது, குடல்வால்னு சொல்றோமே அதுதான். சில சமயம் வீங்கும், வலிக்கும், அறுத்தும் எடுப்பாங்க. ஆனா குடல் மசியல. பொறக்குற ஒவ்வொரு புள்ளைக்குள்ளயும் இன்னமும் அதை நீட்டி வச்சுத்தான் அனுப்புது.