அண்ணாச்சியின் கைராசி

இந்தக் கதையில் சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் இசக்கித்துரை ஏணியிலிருந்து இறங்கும்வரை கொஞ்சம் பொறுங்கள். வயரிங் வேலை பழகும் அவனுக்கு வீரமெல்லாம் ஏணியின் முதல் படி வரைதான்.

நிச்சயதார்த்த வீட்டுக் கூடத்தில் சம்பந்தி வீட்டார் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்க, ஏணியில் நின்று சீலிங் விளக்கின் மூடியைத் திறந்தான். சுவிட்சை அணைத்திருந்தும், கம்பியில் கரண்ட் இருந்தால் காட்டும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"அண்ணாச்சி, சுவிட்சைத் தப்பா நியூட்ரல்ல போட்டிருக்காங்க. அணைச்சாலும் கம்பியில கரண்ட் நிக்கும். மெயினை அணைக்கணும்."

"மேட்ச் ஓடுதுல்லா!" என்றார் வீட்டுக்காரர் கோமதிநாயகம். "நானே நின்னு போட்ட வயரிங்லே இது! சுவிட்சை அணைச்சா கரண்ட் ஏது? ஒன் டெஸ்டர்தான் பொய் சொல்லுது. விளக்கை மாட்டுதியா, இல்ல ஒன் மொதலாளிட்ட சொல்லி வேலையவிட்டுத் தூக்கவா?"

வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும். பயலுக்குப் பேராசை! இறங்கி வந்தவன், கோயில் பூசாரியின் குரலைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டான்.

"நிச்சயதார்த்த வீட்டு விளக்கு! கைராசிக்காரர் தொட்டு ஆரம்பிக்கணும். ஏறுங்க அண்ணாச்சி, அந்தச் சிவப்புக் கம்பியைத் தொட்டுக் குடுங்க."

சம்பந்தி வீட்டார் கைதட்டினார்கள். அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தி ஏறினார். கம்பிக்கு ஒரு சாண் முன்னால் விரல் நின்றுவிட்டது.

"மெயினை அணைங்கலே!"

சொல்லி முடிப்பதற்குள் டிவி அணைந்தது. திரும்பினால், மெயின் சுவிட்சைப் பிடித்தபடி இசக்கித்துரை.

"ஏலே... டெஸ்டருக்குப் பதிலா என்னையவாலே வச்சுப் பாத்தே?"