காய்ச்சலை மறைத்தவர்

குழந்தைவேலுவுக்கு அறுபத்து மூன்று வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு நல்லசாமிக்கு நாற்பத்தொன்றுதான். இதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. குழந்தைவேலு காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டு வருடமாக விடியற்காலையில் குருவின் முன்னால் அசையாமல் உட்கார்ந்து பழகினார். கொசு கடித்தால் தட்டக் கூடாது. கால் மரத்துப்போனால் நீட்டக் கூடாது. அந்த மடத்தில் பயிற்சி என்றால் அதுதான்.

கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண். மனிதர் ஒரு தரம்கூட முனகவில்லை. மடத்தில் எல்லோரும் மெச்சினார்கள். அதே மடத்துக்கு வந்து போகும் எனக்கு அந்த மெச்சலைக் கண்டாலே எரிச்சல்.

இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் தியானத்தில் அப்படியே சரிந்தார். நல்லசாமி அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

நர்ஸ் ஜெயசீலி தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நூற்று மூன்று.

"நூறைத் தாண்டினா உடனே வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ஐயா. எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா தாயி. தாங்கிக்கிட்டேன்."

"எதை வச்சுத் தாங்குனீங்க? வேகமா வளர்ற எல்லாத்தையும் அந்த மருந்து கொல்லும். கட்டியும் சாகும், முடியும் சாகும், கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணுவும் சாகும். இப்ப உங்க ரத்தத்துல அது இருக்கான்னே தேடணும்."

அவரைத் தனி அறையில் போட்டார்கள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நல்லசாமி முகக்கவசம் கட்டி, கைகளைக் கழுவிக்கொண்டு கட்டிலிலிருந்து தள்ளி நின்றார்.

"திருநீறு பூசி விடுங்க சாமி."

"உங்களை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க பெரியவரே."

"நீங்களுமா?"

"என் கையிலயும் கிருமி இருக்கும்."

குழந்தைவேலு கண்ணை மூடினார். மூச்சு வாங்கியது.

"பொழைப்பேனா சாமி?"

"ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா பயமில்லைன்னாங்க. இப்ப எதுவும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. பொறுத்துக்கிறதுக்குத்தானே எட்டு வருஷமாப் பழக்கினீங்க?"

"ஆமா."

"அதைத்தானே செஞ்சேன்?"

"அதைத்தான் செஞ்சீங்க."

"அப்ப எங்க தப்பாப் போச்சு?"

நல்லசாமி கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே தள்ளுவண்டி ஒன்று கடந்து போனது.

"முதல் நாளே எனக்குத் தெரியும்," என்றார். "கண்ணு செவந்திருந்துச்சு. தாடை நடுங்குச்சு. நேர் எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குழந்தைவேலு கண்ணைத் திறந்தார்.

"பார்த்துட்டும் ஏன் சாமி ஒரு வார்த்தை கேட்கல?"

"பெருமையா இருந்துச்சு பெரியவரே."