வளைக்குள் கிடந்த கரிசலாங்கண்ணி விதை

ஒரு குளக்கரையில் வெள்ளெலிக் கூட்டம் ஒன்று வளை தோண்டி வாழ்ந்தது. அதன் தலைவிக்கு ஒரு காது கிடையாது. எலிகளைத் திரட்டிச் சாரைப்பாம்பை விரட்டியடித்த நாளில் போன காது அது. எல்லாரும் அவளை ஒற்றைக்காதி என்றார்கள். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமைதான்.

கோடையில் வயல் காய்ந்துவிட்டால் எலிகளுக்குக் கரிசலாங்கண்ணிதான் சாப்பாடு. குளத்து ஈரத்தில் தானாகப் படர்ந்து, சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளையாகப் பூக்கும் செடி. போன வருடம் வயலுக்கு உரம் சேர்க்கக் கிடை போட ஓட்டி வந்த ஆடுகள் அதை வேரோடு மேய்ந்துவிட்டன. அந்தக் கோடையில் ஒற்றைக்காதி இரண்டு குட்டிகளைப் பசிக்குப் பறிகொடுத்தாள். இந்த வருடம் மூன்று குட்டிகள் வளைக்குள் இருந்தன.

மாசியில் குளத்து நீர் இறங்கத் தொடங்கியது. இலந்தைப் புதருக்குள், ஆட்டு வாய்க்கு எட்டாத ஒரே ஒரு செடியை ஒற்றைக்காதி கண்டாள். காய்ந்த பூக்களில் எள்ளைவிடச் சிறிய கறுப்பு விதைகள் இருந்தன. ஒன்று விடாமல் சேர்த்தாள்.

"எங்கே விதைக்கப் போகிறாய், அக்கா?" என்று கேட்டான் தம்பி குட்டைவால்.

"உன்னிடம் சொன்னால் விடிவதற்குள் உன் வயிற்றில் முளைத்துவிடும்."

கரையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆள்காட்டிப் பறவை தலையைத் தூக்கியது. "புதைத்துவிடாதே, அம்மா. அந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். ஈரச் சேற்றின் மேல் தூவிவிட்டு, மண் போடாமல் விடு."

"எதைக் கண்டாலும் ஊரைக் கூட்டிக் கத்துகிறவள் நீ. உன் பேச்சை நான் கேட்பதா?"

"நரி வந்தால்தான் கத்துகிறேன். அந்தச் சத்தம் கேட்டு நீ எத்தனை தடவை வளைக்குள் ஓடியிருக்கிறாய்?"

ஒற்றைக்காதி விதைகளை வாயில் அள்ளிக்கொண்டு வளைக்குள் போனாள். பத்திரம் என்றால் எலிக்கு ஒரே அர்த்தம்தான்: ஆழம். ஒரு முழ ஆழத்தில் விதைகளைப் புதைத்து, குழியின் வாயைக் களிமண்ணால் அடைத்து, மேலே தானே படுத்துக்கொண்டாள்.

பத்து நாள் போயிற்று. பதினைந்தும் போயிற்று. ஒரு முளையும் இல்லை. குளத்து ஈரம் நாளுக்கு நாள் உள்வாங்கியது.

"திருடிவிட்டாயா?" என்று தம்பியின் கழுத்தைப் பிடித்தாள்.

"நீதானே அதன்மேல் படுத்திருந்தாய், அக்கா? உன் அடியிலிருந்து திருடும் சாமர்த்தியம் எனக்கு இருந்தால் நான்தான் தலைவன்."

அவள் தோண்டிப் பார்த்தாள். விதைகள் போட்டது போட்டபடி கிடந்தன. கெடவில்லை, முளைக்கவும் இல்லை. வளைக்குள் குட்டிகள் கீச்சிட்டன.

உடனே பறவையிடம் போனாள். "நீ சொன்னது சரி" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சிட்டுகள் கொத்தினால் என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டாள்.

"கொத்தத்தான் செய்யும். என் முட்டைகளைப் பார், வெட்டவெளியில்தான் கிடக்கின்றன. நானும் அவரும் மாறி மாறிக் காவல் இருக்கிறோம். உனக்கு ஒரு கூட்டமே இருக்கிறதே, அவர்களை ஏன் கூப்பிடவில்லை?"

ஒற்றைக்காதி எல்லா எலிகளையும் கூப்பிட்டாள். ஆளுக்குக் கொஞ்சம் விதை கொடுத்தாள். ஈரச் சேற்றில் எல்லார் கண்ணெதிரிலும் தூவினார்கள். சிட்டுகள் இறங்கினால் எலிகள் பாய்ந்தன. நரி தலைகாட்டினால் பறவை கத்தியது, எலிகள் பதுங்கின. அந்த நேரத்தில் சிட்டுகள் பாதி விதையைத் தின்றுவிட்டன.

மீதிப் பாதி ஆறாம் நாள் முளைத்தது.

தண்டு சேற்றில் சாய்ந்த இடத்திலெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டது. வேரைத் தொடாமல் நுனியை மட்டும் கிள்ளித் தின்பது என்று எலிகள் கூடி முடிவு செய்தன. சித்திரை வெயிலில் குளம் வெடித்துக் கிடந்தபோதும், நடுவில் மிஞ்சிய குட்டையைச் சுற்றி ஒரு பச்சை வளையம் இருந்தது. மூன்று குட்டிகளும் அதில் வாய் வைத்து மென்றன. அன்றுதான் ஒற்றைக்காதி காவலைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

எல்லாருக்கும் உரியதை, காப்பாற்றுகிறேன் என்று ஒருவரே இருட்டில் அடைத்து வைத்தால் அது யாருக்கும் முளைக்காது.