தவசிக்குக் கட்டிய கோடி

"சாமி, அந்தத் தவசிக்கு மட்டும் கோடி வேட்டி கட்டிவிட்டீங்களே, இது நியாயமா?"

கேட்டவர் புலவர் கதிரேசன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்று, மடத்துக்கு வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். தவசியோ போன தையில் வந்த ஆள். மாட்டுக்கொட்டில் கூட்டுபவன்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஊருக்குப் போனான், வந்தான். உடனே குளத்தங்கரையில நிக்கவச்சு உங்க கையாலேயே கட்டிவிட்டீங்க. மாடியிலேருந்து பார்த்தேன். வயிறு எரியுது சாமி. மறைக்கத் தெரியலை."

"ஏன் கட்டினேன்னு அவனையே கேட்டிருக்கலாமே?"

"அவனோட நான் பேசறதில்லை."

"ஏனாம்?"

"அவனோட நீங்க ரொம்பப் பேசறீங்க, அதான்."

அறுபது வயதுக்காரர் சொல்கிற பேச்சா இது! குரு சிரிக்கவில்லை.

"நீங்க தமிழ் படிச்சவங்க. கோடின்னா என்னங்க?"

புலவரின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவரிடம் யாரும் அர்த்தம் கேட்டு வெகு நாளாயிற்று.

"நூறு லட்சம் ஒரு கோடி. தெருக்கோடின்னா தெருவோட கடைசி. அப்புறம், கஞ்சி போகாத, தண்ணி படாத புதுத்துணி. தறியில கடைசி முனை வரைக்கும் நெய்துதானே அறுத்து எடுக்கறாங்க? துணிக்கு அதனாலதான் அந்தப் பேர் வந்திருக்கும்னு நினைக்கிறேன். அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"எப்பெப்ப கட்டுவாங்க?"

"பொங்கல், தீபாவளி, கல்யாணம், காதுகுத்து. ஓரத்துல மஞ்சள் தடவித்தான் கட்டறது."

"தவசி வேட்டியில மஞ்சள் இருந்துச்சா?"

"மாடியிலேருந்து அதெல்லாம் எங்கே தெரியுது! பேச்சை மாத்தாதீங்க சாமி. எனக்கும் ஒண்ணு கட்டிவிடுங்க."

குரு எழுந்து உள்ளே போனார். மரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்தார். அதன் ஓரத்தில் மஞ்சள் இல்லை.

புலவருக்கு எங்கே கண் தெரிந்தது? சந்தோஷத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டிவிடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. உங்க அம்மா எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன, திடமா இருக்காங்க. இப்பவும் தரையில சம்மணம் போட்டுத்தான் சாப்பிடறாங்க. ஏன் கேக்கறீங்க?"

"தாய் போயிட்டா மாமன் வீட்டுக் கோடி வரணும். தவசிக்கு மாமன் இல்லை. அதான் நான் கட்டினேன்."

வேட்டி இன்னும் குருவின் கையிலேயே இருந்தது.

"கட்டட்டுங்களா?"

புலவர் நீட்டிய கைகளைப் படக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

மடத்தில் எல்லாருக்கும் மொட்டைத் தலைதான். தவசி மறுபடி மழித்துக்கொண்டு வந்ததை யார் கண்டார்கள்?

கொட்டிலில் துடைப்பச் சத்தம் கேட்டது. புலவர் செருப்புகூடப் போடாமல் சாணியை மிதித்துக்கொண்டு உள்ளே போனார். தவசி நிமிர்ந்து பார்த்தான்.

"தம்பி," என்றார் புலவர். "அம்மாவுக்கு என்னப்பா செஞ்சுது?"