பதினைந்து லிட்டர் குடம்

தணிகாசலத்துக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு வரையக் கற்றுக்கொடுத்த மரகதத்துக்கு முப்பத்தாறு.

அம்பத்தூரில் பக்கெட், முறம், குடம் என்று வீட்டுச் சாமான் செய்கிற பிளாஸ்டிக் கம்பெனி அது. மரகதம் அங்கே டிசைனர். தணிகாசலம் இருபத்திரண்டு வருஷம் உருகிய பிளாஸ்டிக்கை ஊதிக் குடமாக்கும் மெஷினில் நின்றவர். மனைவி பூங்காவனம் இறந்த பிறகு, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஒருநாள் மரகதத்தின் அறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் வரையச் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"எதுக்குண்ணே?"

"வீட்டுக்குப் போனா பேச ஆள் இல்ல."

மரகதம் ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள்.

ஏழு மாதம் கழித்து அவர் வரைந்த முதல் குடத்தின் மாதிரி வந்தது. மயில் கழுத்து நீலம். அழகுக்காக வாய் விளிம்பை எடுத்துவிட்டு, உடம்பை மழமழவென்று விட்டிருந்தார். ஆபீசில் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். மரகதம் மட்டும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இதுல என்ன குறை டீச்சர்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பத்து நாள் இதுலயே தண்ணி பிடிங்க."

காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். குடம் நிறைந்ததும் தணிகாசலம் குனிந்தார். கழுத்தில் பிடிமானம் இல்லை. அடியில் விரல் நுழையவில்லை. முழங்காலை முட்டுக் கொடுத்துப் பாதி தூரம் தூக்கியதும் குடம் வழுக்கி, வேட்டியெல்லாம் நனைந்தது.

மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்கினார்கள். ஒருவர் கழுத்தைப் பிடித்தால் ஒருவர் அடியைப் பிடித்தார். அவரிடம் யாரும் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. பூங்காவனம் போனதிலிருந்து அந்தத் தெருவில் அவர் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இதே குழாயடியிலிருந்து அவள் கத்துவாள். "ஒரு கை குடுத்துட்டுப் போங்களேன்!"

இவர் படுத்தபடியே "வரேன்" என்பார். போனதில்லை. கொஞ்ச நேரத்தில் குடம் அடுப்படிக்கு வந்திருக்கும். தனியாக அதை எப்படித் தூக்கினாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

பத்து நாள் முடிந்தது. ஆபீசில் மேஜை முன் உட்கார்ந்தார். மூன்று மாதம் வேறு எதையும் வரையவில்லை.

புதுக் குடம் வந்தது. கழுத்தில் ஒரு கை மட்டும் நுழைகிற பிடி. அடியில் மற்றக் கைக்கு ஒரு குழி. தணிகாசலம் அதில் தண்ணீர் நிரப்பினார். ஒரே மூச்சில் இடுப்புக்கு ஏற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இப்ப சரியா டீச்சர்?"

"இறக்கி வைங்க. மறுபடி தூக்குங்க."

அவர் குனிந்தார். எதிரே மரகதமும் குனிந்தாள். கழுத்தைப் பிடிக்கப் போனாள். அங்கே அவர் கை நிறைந்திருந்தது. அடியிலும் அவர் விரல்கள். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள், ஈரத்தில் வழுக்கியது.

"நீங்க விடுங்க டீச்சர். இது தனியா தூக்குற குடம்."

"தெரியுது."

"ஆள் இல்லாதவங்களுக்குன்னே வரைஞ்சேன். அவங்களுக்கு இன்னொரு கை எங்கேருந்து வரும்?"

மரகதம் ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கேருந்துன்னு எனக்குத் தெரியாதுண்ணே. வந்தா, பிடிக்க இடம் இருக்கணும்."