ஒரு வாளிக்கு ஒரு மூடி

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் நன்மாறனுக்கு அறுபது. மலையடிவாரத்து ஆசிரமத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். மற்ற சீடர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நன்மாறன் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதுதான் அவருடைய தவம். கண்ணை மூடி உட்கார்ந்தால் கடவுள் வரமாட்டார், சொல்தான் வரும்.

ஒரு காலை குருவின் முன் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு சொல் அமைந்துவிட்டது."

"சொல்லுங்கள்."

"உண்ணி, பேன், தெள்ளுப்பூச்சி, குடற்புழு. இன்னோர் உயிரை ஒட்டி, அதையே உண்டு வாழ்கிற எல்லாம் ஒட்டுண்ணி. அதைக் கொல்கிற பொருளைப் பூசலாம், தெளிக்கலாம், விழுங்கலாம். எதுவானாலும் ஒரே பெயர். ஒட்டுண்ணிக்கொல்லி. குறை ஏதாவது உண்டா?"

குரு கொஞ்சம் யோசித்தார்.

"நடுவில் க் போட்டீர்களா?"

"போடாமல் இருப்பேனா!"

"அப்படியானால் வெள்ளத்தாயியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்."

வெள்ளத்தாயி மலைக்கு அந்தப் பக்கம் தனியாக ஆட்டுப்பட்டி போட்டிருந்தாள். பன்னிரண்டு ஆடு. எல்லாவற்றுக்கும் காதிலும் தொடையிடுக்கிலும் உண்ணி ஏறியிருந்தது. அவளுக்காக குரு கால்நடை மருந்துக்கடையில் ஒரு கேன் வாங்கி வைத்திருந்தார்.

நன்மாறன் அதிலிருந்து ஒரு பாட்டிலில் ஊற்றினார். தாள் ஒட்டினார். தன் சொல்லைப் பெரிதாக எழுதினார். அதற்குக் கீழே சிறிதாக: ஒரு வாளி நீருக்கு ஒரு மூடி. அளவு மிகக் கூடாது.

உச்சி வெயிலில் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். வெள்ளத்தாயி எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. இரண்டு முறை செருமினாள்.

"மன்னிக்கணும்யா. பேசி நாலு நாளாச்சு. தொண்டை கட்டிக்கிருச்சு."

நன்மாறன் பாட்டிலை நீட்டினார். "இது ஒட்டுண்ணிக்கொல்லி."

"கொல்லியா? ஆட்டையா?"

"உண்ணியை. ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. அதைக் கொல்வது..."

"மருந்துன்னு சொல்லுங்களேன்யா."

"மருந்து பொதுச்சொல். இது கலைச்சொல்."

அவள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல மருந்துன்னா ரெண்டு. உடம்பு தேறக் குடிக்கிறது ஒண்ணு. உசிரை விடக் குடிக்கிறது ஒண்ணு. இது எதுல சேத்தி?"

நன்மாறனுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. இப்படி ஒரு மாணவன்கூடக் கேட்டதில்லை.

"இரண்டும்தான். ஆட்டுக்கு மருந்து, உண்ணிக்கு எமன்."

"ஆட்டுக்கு மருந்து" என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எவ்வளவு ஊத்தணும்?"

"எல்லாம் எழுதியிருக்கிறது."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எழுதியிருக்குன்னா சரிங்கய்யா. ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க. சும்மா ஒரு நாழி உக்காந்துட்டு..."

"இன்னும் நிறையச் சொற்கள் கிடக்கின்றன" என்று நன்மாறன் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் வெள்ளத்தாயி ஆசிரமத்துக்கு வந்தாள். பாட்டிலைத் தரையில் வைத்தாள்.

"செம்பி செத்துப்போச்சும்மா" என்று குருவிடம் சொன்னாள். "வாயில நுரை தள்ளி, கால் வெட்டி வெட்டி இழுத்து... பொழுது சாயறதுக்குள்ள."

செம்பி அவளுடைய மூத்த ஆடு.

நன்மாறன் பதறினார். "எவ்வளவு ஊற்றினாய்?"

"ஒரு வாளித் தண்ணிக்கு அஞ்சு மூடி. மருந்துதானே, கூட ஊத்தினா சீக்கிரம் தேறும்னு. செம்பி மேலதான் முதல்ல ஊத்தினேன். நான் பேசினா தலையத் திருப்பறது அது ஒண்ணுதான்."

"ஒரு மூடி என்று எழுதியிருந்தேனே!"

"எழுதியிருந்துச்சு."

"படிக்கவில்லையா?"

"யாருய்யா படிக்க? பட்டியில நானும் பன்னெண்டு ஆடும். அதுல எந்த ஆடு படிச்சிருக்கு?"

"படிக்கத் தெரியாது என்று நீ சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேட்டிருக்கலாம்."

நன்மாறன் விடவில்லை. "கொல்லி என்ற சொல்லே எச்சரிக்கைதானே?"

"கொல்லிமலைன்னுகூடத்தான் இருக்கு. அங்க போறவங்கள்லாம் செத்தா போறாங்க?"

வெள்ளத்தாயி குருவின் பக்கம் திரும்பினாள்.

"மிச்சம் பதினொண்ணையும் உண்ணி உறிஞ்சுதும்மா. குட்டிக்கு நிக்க முடியல. ஆனா இதை இனி நான் கையால தொடமாட்டேன்."

பாட்டிலை விட்டுவிட்டுப் போனாள்.

நன்மாறன் அன்று சாப்பிடவில்லை. தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். எழுதினார், அடித்தார், எழுதினார். சொல்லைச் செய்தவர் அவர், செத்தது ஆடு. தப்பு எந்த எழுத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் குருவிடம் வந்தார்.

"அம்மா, நான்கு சொற்கள் வைத்திருக்கிறேன். உண்ணிமருந்து என்றால் பயம் போய்விடுகிறது, அளவு மீறுவார்கள். உண்ணிநஞ்சு என்றால் தொடவே மாட்டார்கள். புறநஞ்சு என்றால் புரியாது. அளவுநஞ்சு என்று ஒன்று. பொருள் சரி, ஆனால் காதுக்கு நன்றாக இல்லை."

குரு பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எதுவும் சரியில்லையா, அம்மா?"

"எல்லாம் சரிதான்."

"பிறகு ஏன் அந்த ஆடு செத்தது? அங்கே எந்தச் சொல் இல்லாமல் போயிற்று? அதை மட்டும் சொல்லுங்கள், அம்மா. அகராதியில் அதையே எழுதிவிடுகிறேன்."

"அவள் முதல் மூடியை ஊற்றினாள் அல்லவா?"

"ஆமாம்."

"அப்போது பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும், 'போதும் தாயி' என்று."